மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: வீட்டுப் பழுதுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

மதுரையில் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பஞ்சமில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறவருக்குத்தான் பஞ்சம். "காளவாசல்ல நிக்கிறேண்ணே, இந்தா வந்துட்டேன்" என்று காலையில் சொன்னவர் மறுநாள் மாலை வந்து சேருவார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வாஷர் மாற்ற அவர் திருநகரிலிருந்து ஆனையூர் வரை வண்டி ஓட்டி வந்தால் பெட்ரோலுக்கே கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட சின்ன வேலைகளைப் பற்றித்தான் இது.

தலைப்புகள் எல்லாம் வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் புகார்களாகவே இருக்கின்றன. உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒன்று மட்டும்: ஸ்பேனரைக் கடைசியில் எடுங்கள். என்ன சத்தம் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, ஒரே இடத்திலா வீடு முழுக்கவா என்று பார்த்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். நன்றாக இருந்த பாகத்தைக் கழற்றி அதையும் சேர்த்துக் கெடுப்பதுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் வீட்டில் அதிகம் நடக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: டெஸ்டர், சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர், பைப் ரெஞ்ச், டெஃப்லான் டேப். மல்டிமீட்டரை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். டெஸ்டர் எரிகிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை வோல்ட் வருகிறது என்று சொல்லாது. நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) அறுந்துபோனால் பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் எரிந்து ஆளைக் குழப்பும்.

மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சு ஃபேஸில் (மின்சாரம் வரும் ஒயரில்) இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருப்பதும் உண்டு. எம்.சி.பி.யை (லைனில் பளு கூடினால் தானாக விழும் சின்ன சுவிட்சு) இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

கீழே இருக்கும் தொட்டியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ மேல்தொட்டிக்கு ஏற்றும், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் மோட்டாரைப் பற்றித்தான் இந்தப் பகுதி. போருக்குள் இறக்கியிருக்கும் சப்மெர்சிபிளுக்கு வேறு கதை, பின்னால் வருகிறது.

முதல் வேலை, மோட்டாரை அணைப்பது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பிலிருந்து மோட்டார் பக்கம் தண்ணீர் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களிலேயே சூடாகிக் கருகிவிடும். "ஓடட்டும், ஓட ஓட எடுத்துரும்" என்று விட்டுவிட்டுக் காபி போடப் போவதுதான் சின்னப் பழுதைப் பெரிய செலவாக்கும் வழி.

அடுத்து தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். மாநகராட்சித் தண்ணீர் அன்றைக்கு வந்திருக்காது, நமக்குத் தெரிந்திருக்காது. தண்ணீர் இருந்தாலும் ஃபுட்வால்வு (உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஒருவழி வால்வு) அதில் குறைந்தது ஒரு முழமாவது மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் சுழல் விழுந்து தண்ணீரோடு காற்றையும் இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் இருக்கிறதா, சரி. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பம்பின் தலையில் இருக்கும் பிளக்கை (மரை போட்ட மூடி) கழற்றிச் சொம்பால் தண்ணீர் ஊற்றுங்கள். மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே இருக்கும் காற்று குமிழ்விட்டு வெளியேற நேரம் கொடுங்கள். விளிம்பு வரை நிறைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பழுதுக்கான மொத்தப் பரிசோதனையும்.

மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனால் ஃபுட்வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை என்று அர்த்தம். குழாயை மேலே இழுத்துப் பாருங்கள். சல்லடைக்குள் இலை, பாலிதீன் துணுக்கு, நத்தை ஓடு, சிமெண்ட் சில்லு எது வேண்டுமானாலும் இருக்கும். ஆனால் சல்லடையைக் கழுவிவிட்டு அப்படியே மாட்டிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். மூடி போய் உட்காரும் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் அப்பியிருந்தால்கூட ஒரு ராத்திரியில் குழாய் முழுக்கக் காலியாகிவிடும். வளையத்தைத் துணியால் துடைத்து, ரப்பரில் வெட்டு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, வால்வைத் தலைகீழாக இல்லாமல் நேராகப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் ஒழுகாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, புதிது வாங்குங்கள். போர் தண்ணீர் விழும் தொட்டி என்றால் பித்தளையே வாங்குங்கள் என்பேன். பிளாஸ்டிக்கில் உப்புப் படிந்தால் சுரண்டும்போது வளையமே போய்விடுகிறது.

வாங்கப் போகும்போது பழைய வால்வைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் எந்தக் கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி "ஒரு இஞ்சா, ஒன்னேகாலாண்ணே?" என்பதுதான். "நம்ம வீட்டு மோட்டாருக்கு" என்று சொன்னால் கடைத் தம்பி பாவம், என்ன செய்வார்.

இன்னொரு வகை இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது, இறங்கவில்லை. ஆனால் பிளக்கை மூடி மோட்டாரைப் போட்டால் களகளவென்று சத்தம், மேலே தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மெக்கானிக்குகள் "ஏர் எடுக்குது" என்பது இதைத்தான். உறிஞ்சு குழாயில் எங்கோ ஒரு மூட்டில் கசிவு. அங்கே ஈரமே இருக்காது என்பதால்தான் இது பலரை ஏமாற்றுகிறது. ஏற்று குழாயில் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியே பீய்ச்சும். உறிஞ்சு குழாயில் ஓட்டை என்றால் காற்று உள்ளே போகும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி.

கண்டுபிடிக்க, மோட்டார் ஓடும்போது உறிஞ்சு பக்கத்து ஒவ்வொரு மூட்டிலும் ஈரத் துணியை இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். எலக்ட்ரிக்கல் பெட்டிப் பக்கம் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மூட்டில் துணி சுற்றியதும் களகளப்பு அடங்கி மோட்டார் சத்தம் கனக்கிறதோ, அதுதான் ஆள். பம்புக்கு நேர் கீழே இருக்கும் யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) முதலில் சந்தேகப்படுங்கள்; மோட்டாரின் அதிர்வில் தளர்வது அதுதான். மரை உள்ள மூட்டு என்றால் கழற்றி, பழைய டேப்பை முழுக்கச் சுரண்டிவிட்டு, மரை இறுகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பை எட்டு பத்துச் சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நம் ஊரில் சில வருஷங்களிலேயே வெளுத்து நொறுங்கத் தொடங்கும். மயிரிழை விரிசல் தெரிந்தால் அதன் மேல் எம்சீல் பூசிக்கொண்டிருக்காமல் அந்தத் துண்டையே வெட்டி மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சித்திரை வைகாசியில் மட்டும் கிணற்றிலிருந்து ஏறவில்லை என்றால் பம்பைத் திட்டாதீர்கள். மேலே நின்று உறிஞ்சும் எந்தப் பம்பானாலும் காற்றழுத்தம் தள்ளிக் கொடுக்கும் உயரத்துக்கு மேல் தண்ணீரை இழுக்க முடியாது. கணக்குப்படி அது 10.3 மீட்டர். குழாய் உராய்வு, வளைவுகள் எல்லாம் போக நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது 23 அடி கிடைத்தால் நல்லது. பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கயிறு விட்டு அளந்து பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் பம்பைக் கிணற்றுக்குள் ஒரு மேடை கட்டி இறக்கலாம், இல்லையென்றால் சப்மெர்சிபிளுக்கு மாற வேண்டியதுதான். அதிகக் குதிரைத்திறனில் மோட்டார் வாங்கினால் எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை எச்.பி. போட்டாலும் அந்த 10.3 மாறாது.

ம்ம்ம் என்று உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டாரில் கரண்ட் பல மடங்கு பாயும். கொஞ்ச நேரம் விட்டால் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகிப் போய்விடும். காயில் கட்டுவது நம் வேலை அல்ல.

எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன விசிறி தெரியும். அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றுகிறதா, இறுகிப் பிடித்திருக்கிறதா? பாதை இங்கேதான் பிரிகிறது.

இறுகியிருந்தால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறைக்குப் பதினைந்து இருபது நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய வீடுகளில் இது சகஜம். நம் போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் நூலளவு இடைவெளியில் வெள்ளையாகப் படிந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். சில மோட்டார்களில் தண்டின் முனையில் ஸ்குரூ டிரைவர் வைக்கக் காடி வெட்டியிருப்பார்கள். அதை வைத்துத் திருப்பலாம். அசையவே இல்லை என்றால் பிளக் வழியாக வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு திருப்புங்கள். விசிறி இதழைப் பிடித்து முரட்டுத்தனமாக முறுக்கினால் பிளாஸ்டிக் உடையும்.

லேசாகச் சுற்றினால் சந்தேகம் மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கண்டன்சர் மேல். புடைத்திருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ முடிவுக்கு வந்துவிடலாம். பார்க்க நன்றாகவே இருந்தாலும் உள்ளே போயிருக்கலாம். கழற்றும் முன் கவனம்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கண்டன்சரில் மின்னூட்டம் நிற்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் தொட்டு இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க இறக்குவதைப் பலர் பெருமையாகச் செய்வார்கள், வேண்டாம். பிறகு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மேலே 10 மைக்ரோஃபேரட் என்று போட்டிருந்து 6 காட்டினால் அது செத்த சரக்கு. வாங்கும்போது அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட், அல்லது வோல்ட் மட்டும் கூடுதலாக வாங்கலாம். கடையில் "இருபது இல்லண்ணே, இருபத்தஞ்சு போடுங்க, நல்லா இழுக்கும்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 190க்குக் கீழே வந்தால் மோட்டார் திணறத்தான் செய்யும். தெருவில் தண்ணீர் வரும் நாளில் அத்தனை வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது இது நடக்கும். அரைமணி கழித்துப் போடுங்கள். மோட்டார் போட்டதும் உங்கள் வீட்டில் மட்டும் வோல்டேஜ் தடாலென்று விழுகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. மோட்டார் சுவிட்சைத் திறந்து பாருங்கள், கருகிய முனை ஒன்று இருக்கும்.

(மாநகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கு இங்கே வழி எதுவும் இல்லை. அது சட்டப்படி குற்றம். பிடித்தால் மோட்டாரையே எடுத்துப் போய்விடுவார்கள்.)

முன்பு மாதிரி வேகமாக ஏறவில்லை

"முன்பு மாதிரி" என்பதற்கு ஒரு எண் வேண்டும். மோட்டார் நன்றாக இருக்கும்போதே மேல்தொட்டியில் விழும் குழாயின் கீழே 10 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்த்து, தேதியோடு மோட்டார் ரூம் சுவரில் எழுதிவையுங்கள். இருபது நொடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். அடுத்த வருஷம் அதே வாளி முப்பது நொடி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அது எங்கே போனது? பெரும்பாலும் ஃபுட்வால்வு சல்லடை அடைப்பில். அதற்கு அடுத்து, பழைய இரும்புக் குழாய் என்றால் உள்ளே உப்புப் படிந்து ஒரு இஞ்சுத் துளை அரை இஞ்சாகியிருக்கும். இம்பெல்லர் தேய்மானம் கடைசி. இதைத் தள்ளிப்போடுவதால் மோட்டார் கெடாது, கரண்ட் பில்தான் ஏறும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டாரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். தொட்டி நிறைய ஒரு மணி எடுத்தது ஒன்றரை மணி ஆனால், தினம் அரை யூனிட் கூடும். இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டுகிறது. அல்லது கொறகொற சத்தம்

சொட்டினால் மெக்கானிக்கல் சீல். விலை குறைந்த பொருள்தான், ஆனால் மாற்றப் பம்பைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீலின் பளபளப்பான முகத்தில் விரல் படக் கூடாது. சொட்டலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், அடுத்து கொறகொற சத்தமாக வந்து நிற்கும். பேரிங் மேலேயே 6202 என்பது மாதிரி எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வாங்கினால் போதும். கழற்ற புல்லர் இல்லாவிட்டால் கடையில் கொடுத்தே மாற்றிவிடுங்கள். சுத்தியலால் தட்டி இறக்கிய புதுப் பேரிங் பழையதைவிடச் சீக்கிரம் போகும்.

சப்மெர்சிபிள் தண்ணீர் தரவில்லை

மேலே இருக்கும் பேனல் பெட்டி வரைக்கும்தான் நம் எல்லை. அதில் உள்ள அம்மீட்டர் முள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒழுங்காக ஓடும்போது எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் மோட்டார் சும்மா சுற்றுகிறது. போரில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். தண்ணீரும் காற்றுமாக விட்டுவிட்டு வந்தாலும் அதேதான். மணிக்கணக்கில் நிறுத்திவைத்து ஊறவிட்டுப் போட்டுப் பாருங்கள். அதிகமாகக் காட்டி ரிலே விழுந்தால் மணல் பிடித்திருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். முள் அசையவே இல்லை என்றால் பேனலுக்குள் ஒயர் முனை, கண்டன்சர், ஃபியூஸ். இவ்வளவும் பார்த்தாகிவிட்டதென்றால் போர் ஆட்களைக் கூப்பிடுங்கள். நூற்றுக்கணக்கான அடி குழாயை வீட்டு ஆட்களை வைத்துக் கையால் தூக்கப் பார்த்து, கயிறு நழுவி மோட்டாரே போருக்குள் போன வீடுகள் ஒவ்வொரு ஏரியாவிலும் உண்டு.

கரண்ட் டப்பென்று போகிறது, போட்டால் மறுபடி விழுகிறது

எது விழுகிறது என்று பாருங்கள். சின்னச் சின்ன எம்.சி.பி. விழுந்தால் அந்த லைனில் பளு அதிகம் அல்லது ஷார்ட். டெஸ்ட் பட்டன் உள்ள அகலமான ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியருக்கு விழுவது. உயிரைக் காப்பதற்காகவே வைத்திருப்பது அது. "இது சும்மா சும்மா விழுது, நேராக் கொடுத்துரட்டுமாண்ணே?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் வயரிங்கில் நியூட்ரல் பக்கக் கோளாறு, ஆள் வரட்டும். நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் இருக்கும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். பொறுமை வேண்டும், மூளை அதிகம் வேண்டாம்.

முதல் குற்றவாளி கீசர். கடின நீரில் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு தடித்துப்போய், உறை வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கும். இரண்டாவது கிரைண்டர்; மாவு வழித்துக் கழுவியபோது மோட்டார் பக்கம் தண்ணீர் போயிருக்கும், ஒரு நாள் வெயிலில் வைத்தால் சரியாகலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் விழுகிறது என்றால் வெளிச்சுவர் விளக்கு, மாடிப்படி சுவிட்சு, மோட்டாரின் ஒயர் பெட்டி. மழையே இல்லாமல் ராத்திரியில் விழுந்தால் சுவிட்சுப் பெட்டியில் பல்லி. எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள், எறும்புப் புற்றும் சேர்ந்தே இருக்கும்.

சில லைட் கண்ணைக் கூசுகிறது, சில லைட் மங்குகிறது

மெயினை இறக்குங்கள். யோசிக்க வேண்டாம். நியூட்ரல் தளர்ந்திருக்கிறது; ஒரு பக்கம் வோல்டேஜ் 300ஐத் தாண்டி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மின்னகம் எண் 94987 94987, இரவிலும் எடுப்பார்கள்.

ஃபேன் ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றுகிறது

கண்டன்சர். பத்தில் எட்டு ஃபேனுக்கு அதுதான். குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபேரட், பழையதன் மேல் பார்த்து அதையே வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். ஃபேனைத் தாங்கும் கம்பியின் மேலேயோ கீழேயோ இருக்கும் கிண்ணத்துக்குள் இரண்டு ஒயரில் தொங்கும். எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான். ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனில் இந்த வைத்தியம் பலிக்காது. உள்ளே போர்டு இருக்கிறது, திறக்காதீர்கள்.

ஆடினால், ஒரு நீளக் குச்சியைக் கூரையில் முட்டவைத்து ஒவ்வொரு இறக்கையின் நுனி வரைக்கும் அளந்து பாருங்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது வளைந்த இறக்கை எது என்று தெரிந்துவிடும்.

குழாய் சொட்டுகிறது, ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை

பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய பித்தளைக் குழாய் என்றால் வாஷர். கால் சுற்றில் மூடுவது என்றால் உள்ளே செராமிக் தகடு வைத்த ஸ்பிண்டில். அதை ரிப்பேர் பார்க்க முடியாது, முழுசாக மாற்ற வேண்டும். ஸ்பிண்டிலின் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே இதற்கும் பழசோடு போங்கள்.

ஒரு குழாயில் மட்டும் வேகம் இல்லை என்றால் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். வீடு முழுக்க வேகம் இல்லை, அதுவும் மேல்தொட்டி ஒருமுறை காலியாகி நிறைந்த பிறகு இப்படி ஆனது என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. தரையை ஒட்டியிருக்கும் குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துவிட்டால் பெரும்பாலும் இருமித் துப்பிக்கொண்டு வந்துவிடும்.

ஃபிளஷ் தொட்டியில் ராத்திரி முழுக்க மெல்லிய சத்தம் வருகிறதா? தொட்டி மூடியைத் திறந்து சொட்டு நீலம் கொஞ்சம் விட்டுவிட்டு யாரும் பயன்படுத்தாமல் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது. இறங்கவில்லை, ஆனால் தண்ணீர் நடுக்குழாயின் வாயைத் தாண்டி வழிகிறது என்றால் மிதவையின் உயரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கொல்லைப்புறச் சாக்கடை மெதுவாக இறங்குகிறது

அமிலம் ஊற்றுவதற்கு முன் சேம்பர் மூடியைத் திறந்து, ஒரு வாளி தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றிப் பாருங்கள். சேம்பரில் தண்ணீர் வந்து விழாவிட்டால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பரே நிறைந்து நின்றால் தெருப் பக்கம். பக்கத்தில் தென்னையோ வேம்போ இருந்தால் குழாய் மூட்டுக்குள் சல்லி வேர் புகுந்திருக்கும், கம்பி விட்டு அறுத்து இழுப்பதைத் தவிர வழியில்லை.

கார் செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம்? டக்டக்டக் என்று அடுக்கடுக்காக வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு 'டக்', அதன்பின் மௌனம், ஹெட்லைட் பிரகாசமாகவே எரிகிறது என்றால் கோளாறு இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது என்றால் சாவியைக் கார் அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

பேட்டரி என்றால் முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வாசலின் தடவி இறுக்குங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜரில் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் புதுப் பேட்டரி வாங்கியும் பிரயோஜனமில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. நம் வெயிலுக்குப் பேட்டரி மூன்று நான்கு வருஷம் வந்தாலே நல்ல பேட்டரிதான்.

சிக்னலில் நின்றால் ஏ.சி. சூடாக வருகிறது, ஓடினால் குளிர்கிறது

வண்டி ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது; நிற்கும்போது ரேடியேட்டர் விசிறிதான் அடிக்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்து விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம். சுற்றினால் முன்னால் உள்ள கண்டன்சர் வலையில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கும் (இது வேறு கண்டன்சர்). மெல்லிய தண்ணீர் வேகத்தில் கழுவுங்கள், பிரஷர் வாஷ் அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

அதே விசிறிப் பழுதோடு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகும். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவேகத்தில் வைத்து, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது; அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு மூடியை மெதுவாகத் திருப்பி, குறைந்திருக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றலாம். கடையில் விற்கும் பாட்டில் தண்ணீர் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை தாங்கும். அங்கே போனதும் அதை முழுக்க வடித்துவிட்டு, உங்கள் கார் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலண்ட்டை ஊற்றச் சொல்லுங்கள். வீட்டுப் போர் தண்ணீரை மட்டும் ரேடியேட்டருக்குக் காட்டாதீர்கள்.